பூடில் குட்டி வருமுன்

பூடில் குட்டியொன்று வேண்டுமென எம்மில்லத்துப் பிள்ளைகள் கேட்டபோது, அதன் சுருண்ட உரோமத்தையே அவர்கள் விரும்பினர். வளர்ப்போர்க்குப் பெருங்கடமையாவதும் அவ்வுரோமமே. பல நாய்களின் உரோமம் உதிர்ந்து நிலத்தில் வீழும். பூடிலின் உரோமமோ உதிர்ந்தும் சுருளுக்குள்ளேயே சிக்கிச் சடையாய்த் திரண்டு, தோலை இழுத்துப் புண்ணாக்கும். ஆகவே குட்டிக்குப் பெயர் தேடுமுன் சீப்புத் தேடினோம். வந்த நாள்தொட்டு நாடோறும் மடியில் இருத்திச் சீவினோம். ஆடம்பரமெனச் சிலர் நகைக்கும் அதன் உரோமவெட்டும், நீரில் வீழ்ந்த வாத்தை எடுத்துவந்த அக்கால வேட்டைநாய், மூட்டுக்கள் குளிராது இலகுவாய் நீந்துவதற்கென அமைந்ததே.

8 வாரம் நிரம்புமுன் குட்டியைத் தாயினின்று பிரித்தல் தகாது. அதன்பின்னும் அச்சம் நீங்குவதில்லை. 1978 இல் உலகெங்கும் பரவத் தொடங்கிய பார்வோ என்னும் நோய்க்கிருமி, மண்ணிற் பல மாதங்கள் அழியாது கிடப்பது. தடுப்பூசி பெறாத குட்டியைச் சில நாட்களிற் கொன்றுவிட வல்லது. எனவே 16 வாரமளவில் ஊசிகள் யாவும் முடியும்வரை, படலைக்கு அப்பால் அது கால்வைக்க நாம் விடவில்லை. வெளியே சென்று வருவோர் செருப்பை வாசலிலேயே கழற்றினர். ஆயினும் மனிதரையும் ஓசைகளையும் அஞ்சாது பழகவேண்டிய பருவமும் அதுவேயாதலால், தோளிற் சுமந்து சென்று சந்தியையும் பஸ் வண்டியையும் காட்டினோம்.

உணவில் வெங்காயம், முந்திரிகைப்பழம், சொக்கிளேற் ஆகிய மூன்றும் நாய்க்கு நஞ்சு. பிள்ளைகள் ஒருமுறை கேட்டதும் விளங்கிக்கொண்டனர். தம் சோற்றில் ஒருபிடியைக் குழம்போடு பிசைந்து அன்போடு நீட்டும் அம்மம்மாவிடந்தான், இன்றும் இதனைச் சொல்லவேண்டியிருக்கிறது.