தெற்கே விழுந்த நிழல்

நம்ம காலேஜ் வானியல் கிளப் வேன்ல ஏறி ஏதாவது ஒரு ஸ்கூலுக்குப் போயிருக்கீங்களா? இல்லன்னா உள்ளே என்ன இருக்கும்னு முதல்ல சொல்லிடறேன். நாலரை இன்ச் டெலஸ்கோப் ஒண்ணு. ஃபேன் போட்டுக் காத்தடிச்சா எழும்பி நிக்கிற கோளரங்கக் கூடாரம் ஒண்ணு. ஒரு ஃபுட்பால், ஒரு பொட்டலம் கடுகு. ஃபுட்பால் சூரியன்னா கடுகுதான் பூமி, நடுவுல 24 மீட்டர். கிரவுண்ட்ல பசங்களை நடக்க விட்டாதான் அந்தத் தூரம் மண்டையில ஏறும். கடைசியா, யாராவது ஞாபகம் வந்து தூக்கிப் போடற ஒரு மீட்டர் குச்சி. நான் சொல்ல வந்தது அந்தக் குச்சியைப் பத்தி.

ஊர் ஊரா அறிவியலை வண்டியில ஏத்திக்கிட்டுப் போறது நாம கண்டுபிடிச்சது இல்ல. 1965-லயே கொல்கத்தாவின் பிர்லா அருங்காட்சியகம் நடமாடும் கண்காட்சியை ஆரம்பிச்சிடுச்சு. நம்ம மாநிலத்துல 2022-ல் வந்த வானவில் மன்றத்துல தன்னார்வலர்கள் உபகரணங்களோட அரசுப் பள்ளிகளுக்குப் போறாங்க. நாங்க சின்ன டீம். வருஷத்துக்கு அஞ்சாறு ஸ்கூல், அவ்வளவுதான்.

பிப்ரவரியில பெரம்பலூர் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளி. இருநூறு பசங்க. கூடாரத்துக்குள்ள 25 பேரை உக்கார வெச்சு ஓரியனைக் காட்டிக்கிட்டு இருந்தப்போ கரண்ட் போச்சு. ஃபேன் நின்னு, வானம் மொத்தமும் மெதுவா தலை மேல இறங்கிடுச்சு. உண்மையைச் சொன்னா, அன்னிக்குப் பசங்க அதிகமா ரசிச்சது அதைத்தான்.

வெளியே டெலஸ்கோப்புக்குப் பின்னாடி வெள்ளை அட்டை பிடிச்சு, அதுல சூரியனோட பிம்பத்தை விழ வெச்சோம். (புதுசா கிளப்ல சேர்றவங்களுக்கு: சூரியனைக் காட்டும்போது ஃபைண்டரோட மூடியைக் கழட்டவே கழட்டாதீங்க. ஏதாவது ஒரு வாண்டு கண்ணை வெச்சிடும்.) ஆளுக்குப் பத்து செகண்ட். வரிசையில நின்னவங்க நெளிய ஆரம்பிச்சதும், அவங்களைச் சமாளிக்க நான் குச்சியை நட்டேன். நிழல் வடக்கே 45 செ.மீ. "நாம வடக்கு அரைக்கோளத்துல இருக்கோம், அதனால மத்தியான நிழல் எப்பவும் வடக்கேதான் விழும்"னு கெத்தா ஒரு விளக்கமும் கொடுத்தேன். அந்த 'எப்பவும்'ங்கிற வார்த்தையை ஞாபகம் வெச்சுக்கங்க.

கிளம்பும்போது ஏழாவது படிக்கிற ஒரு பொண்ணு ஓடி வந்து கேட்டா. "அண்ணா, மறுபடி எப்ப வருவீங்க?"

"அடுத்த மாசம். அதுவரைக்கும் நீ வாராவாரம் நிழலை அளந்து வை."

அடுத்த மாசம் போகல. இன்டர்னல், சிம்போசியம், செமஸ்டர், லீவு. போகலைங்கிறதுகூட எனக்கு உறுத்தல. ஜூலையில போனதும், ஆண்டறிக்கைக்கு இன்னொரு விசிட் போட்டோ வேணும்னு தேவைப்பட்டதாலதான்.

அவ நோட்டோட வந்தா. நாங்க மறந்து விட்டுட்டு வந்த அதே குச்சியை வெச்சு, ஒவ்வொரு வெள்ளியும் 12-ல இருந்து 12.30 வரைக்கும் பாத்து, இருக்கறதுலயே குட்டையான நிழலைக் குறிச்சிருந்தா. மார்ச் 21: 20 செ.மீ. ஏப்ரல் 11: 5. அதோட பரீட்சை, கோடை லீவு. ஜூன் முழுக்க 21, ஜூலையில 19. ஆனா ஜூன்ல இருந்து எல்லா வரியையும் கோடு போட்டு அடிச்சு, பக்கத்துல பென்சில்ல 'தப்பு'ன்னு எழுதியிருந்தா.

"ஸ்கூல் திறந்ததுல இருந்து நிழல் அந்தப் பக்கமா விழுது அண்ணா. மூணு தடவை பிடுங்கி நட்டுட்டேன். நூல்ல கல்லு கட்டி நேராவும் பாத்தேன்."

நான் எட்டிப் பாத்தேன். "தரை சாய்வா இருக்கும்மா"ன்னு சொல்லிட்டு கூடாரம் கட்டப் போயிட்டேன்.

திரும்பி வரும்போது சமயபுரம் டோல்கேட்ல வேன் நின்னுச்சு. அங்கதான் உறைச்சது. பெரம்பலூர் பூமத்திய ரேகைக்கு 11 டிகிரி வடக்கே இருக்கு. சூரியன் 23.5 டிகிரி வரைக்கும் ஏறும். அப்போ ஏப்ரல் 20-ஐ ஒட்டி அது நம்ம உச்சந்தலையைத் தாண்டி வடக்கே போயிடுது, ஆகஸ்ட் 22-ஐ ஒட்டித்தான் திரும்பி வருது. நடுவுல இருக்கிற நாலு மாசமும் மத்தியான நிழல் தெற்கேதான் விழும். நான் சொன்ன 'எப்பவும்' டெல்லிக்குச் சரி, நமக்கு இல்ல. நிழல் பக்கம் மாறின அந்த ஏப்ரல் நாள்ல அவளுக்குக் குச்சி கிட்ட வேலை இல்ல, அதனாலதான் திடீர்னு மாறின மாதிரி தெரிஞ்சிருக்கு. ஜூன் 21-க்கு மொபைல்ல கணக்குப் போட்டேன். ஒரு மீட்டர் குச்சிக்கு 21 செ.மீ-யும் கொஞ்சமும் வந்துச்சு. அவ அடிச்சு வெச்சிருந்த அதே 21.

இதுல அசிங்கம் என்னன்னா, வருஷா வருஷம் 'நிழலில்லா நாள்' போஸ்டரை ஸ்டேட்டஸ்ல வைக்கிறவன் நான்.

மறுநாள் டீச்சருக்குப் போன் பண்ணி அவகிட்ட கொடுக்கச் சொன்னேன். "நீ அளந்ததுதான்மா சரி. நான் சொன்னதுதான் தப்பு." கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "அப்போ நிழல் மறுபடி இந்தப் பக்கம் எப்ப அண்ணா வரும்?" தேதி என் வாய் வரைக்கும் வந்துடுச்சு. முழுங்கிட்டு, "நீயே அளந்து சொல்லு"ன்னேன்.

இப்போ போற ஒவ்வொரு ஸ்கூல்லயும் ஒரு குச்சி, கல்லு கட்டின நூல், ஒரு நோட்டு விட்டுட்டு வர்றோம். மொத்தச் செலவு நம்ம கேன்டீன்ல ரெண்டு பேர் சாப்பிடற காசு. மறுபடி வர முடியாதுன்னா, முடியாதுன்னே சொல்லிட்டு வர்றோம். அதைச் சொல்றதுதான் கஷ்டமா இருக்கு.

போன வாரம் டீச்சர் அந்த நோட்டை போட்டோ எடுத்து அனுப்பினாங்க. ஆகஸ்ட் 8: 9 செ.மீ. சுதந்திர தினத்துக்குக் கொடியேத்த வந்தவ மத்தியானம் வரைக்கும் காத்திருந்து அளந்திருக்கா: 5. அதுக்குக் கீழே பென்சில்ல, '22 - வெள்ளி - 0?'

அன்னிக்கு வருவீங்களான்னு டீச்சர் கேட்டாங்க. இன்டர்னல் இருக்கு, வர முடியாதுன்னு சொல்லிட்டேன். அவகிட்டயும் அதையே சொல்லச் சொன்னேன். 12.17-க்கு எக்ஸாம் ஹால்ல எந்த ஜன்னல்ல இருந்து நம்ம கொடிக்கம்பம் தெரியும்னு மட்டும் இப்பவே பாத்து வெச்சிருக்கேன்.