கற்றதைப் பகிர்ந்தால் குறையுமோ?

மார்ச் மாதம் நெருங்கிவிட்டால், பன்னிரண்டாம் வகுப்பு பயிலும் பிள்ளைகள் உள்ள இல்லங்களில் தொலைக்காட்சி ஓய்ந்துவிடுகிறது. விருந்தினர் வருகையும் குறைகிறது. "பிறரோடு பேசிப் பொழுதைப் போக்காதே" என்று பெற்றோர் பிள்ளைகளைத் தனியே அமர்த்துகின்றனர். தாவரவியலுக்கு 35, விலங்கியலுக்கு 35 என எழுத்துத் தேர்வில் 70 மதிப்பெண் கொண்ட உயிரியலுக்கு இவ்வறிவுரை பொருந்துமா?

தமிழகத்தில் மேல்நிலைக் கல்வி 1978-இல் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் சேவுகம்பட்டியிலிருந்து நாங்கள் நான்கு பெண்கள் அதிற் சேர்ந்தோம். எங்கள் வீடுகளில் உயிரியல் அறிந்தோர் எவருமிலர். தனிப்பயிற்சிக்குப் பணமும் இல்லை. ஆகவே இரவு உணவுக்குப்பின் ஒரு வீட்டுத் திண்ணையில் கூடி, பாடங்களைப் பங்கிட்டுக்கொண்டோம். புத்தகத்தை மூடிவிட்டே சொல்லவேண்டும். கேட்பவர் வினா எழுப்பவேண்டும். இதுவே எங்கள் சட்டம்.

எங்களுள் ஒருத்தி விடியுமுன் மல்லிகை பறித்துவிட்டுப் பள்ளிக்கு வருபவள். அரையாண்டுத் தேர்வில் உயிரியலில் தவறியிருந்தாள். பொதுத்தேர்விலும் தவறினால் படிப்பை நிறுத்தி மணம் முடித்துவிடுவதென்று வீட்டார் முடிவு செய்திருந்தனர். அவளைச் சேர்த்துக்கொண்டால் எங்கள் மதிப்பெண்ணும் குறையும் என்று எச்சரித்தவர்களும் உண்டு.

இரத்த ஓட்டம் அவளுக்கு விளங்கவேயில்லை. முற்றத்தில் சுண்ணாம்பால் இதயத்தின் நான்கு அறைகளை வரைந்து, அவளையே இரத்தமாக நடக்கச் செய்தோம். வலப்புற மேலறையில் நுழைந்து, கீழறைக்கு இறங்கி, நுரையீரலாக வைத்த முறத்தைச் சுற்றி, இடப்புற மேலறைக்கு வந்து, கீழறை வழியாக உடலெங்கும் புறப்பட்டாள். மூன்றுமுறை நடந்தபின் அவளே எங்களுக்கு விளக்கினாள்!

வாழையின் உண்மைத் தண்டு மண்ணுக்குள் இருக்கிறது. மேலே நிற்பது இலையுறைகளின் அடுக்கு. இதை நாங்கள் மனப்பாடம் செய்து மறந்துகொண்டிருந்தோம். "கிழங்கைத் தோண்டிப் பாருங்கடி, அதுலதானே கண்ணு இருக்கு, கன்னு வருது!" என்று அவள் சிரித்தாள். அதன்பின் எவரும் மறக்கவில்லை. அவள் தேறினாள், எங்கள் மதிப்பெண்ணும் குறையவில்லை.

அன்று தேவையால் கண்டுகொண்ட வழியைப் பின்னாளில் ஆய்வும் உறுதிசெய்தது. 2006-இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத்திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடங்களுக்குப்பின் மிகுதியாக நினைவுகூர்ந்தனர். ஒரு வாரத்திற்குப்பின் முந்தி நின்றவர்களோ, படித்ததைப் பாராமல் நினைவுகூர்ந்து பழகியவர்களே.

உயிரியலில் தவறிய பிள்ளையை இகழ்வோர் மெண்டலை நினைக்கட்டும். அகுஸ்தினார் சபைத் துறவியான அவர், 1850-இல் ஆசிரியர் தகுதித் தேர்வில் தோல்வியுற்றார். இயற்கை வரலாறும் அவரை வீழ்த்திய பாடங்களுள் ஒன்று. மடத்தின் அதிபர் அவரை ஒதுக்கவில்லை. மறு ஆண்டே வியன்னாப் பல்கலைக்கழகத்திற்கு அனுப்பினார். அவரே 1856 முதல் பட்டாணிச் செடிகளை ஆராய்ந்து, மரபுவழிப் பண்புகளின் விதிகளை 1866-இல் வெளியிட்டார். இன்று அவர் பெயரின்றி உயிரியல் நூல் ஏது?

பெற்றோரே, வாரத்தில் இரு மாலைகளேனும் உங்கள் திண்ணையில் ஒரு பாய் விரியுங்கள். ஒரு செம்பு நீரும் வையுங்கள். பேச்சு வீண்கதையாகத் திரும்பினால், மூடிய புத்தகத்தின் சட்டத்தை நினைவூட்டுங்கள். வகுப்பில் பின்தங்கிய பிள்ளைக்கும் அப்பாயில் இடம் இருக்கட்டும். அப்பிள்ளை கேட்கும் எளிய கேள்வியே மற்றவர்களின் அறிவைச் சோதிக்கும் முதல் தேர்வு.