யார் மியூசிக், சொல்லு பார்ப்போம்?

கல்யாணமாகி நான் இந்த வீட்டுக்கு வந்தது 1999ல். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் வீடு. வீடு என்றால் முன்கட்டில் தறி, பின்கட்டில் நாங்கள்! எங்கள் மாமனாருக்குத் தறி எவ்வளவு முக்கியமோ, அதன் பக்கத்தில் ஆணியில் தொங்கிய டிரான்சிஸ்டரும் அவ்வளவு முக்கியம். காலையில் தறிக்குழியில் காலை இறக்கும்போதே அதைத் திருகி விடுவார். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடா தள்ளுவார். நான் ஒரு மூலையில் தார் சுற்றிக் கொடுப்பேன்.

2001ல் என் பையன் பிறந்தான். ராத்திரி பகல் தெரியாமல் அழுகிற குழந்தை. ஒரு மத்தியானம் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு, 'வெள்ளி விழா' படத்தில் எல்.ஆர்.ஈஸ்வரி பாடுவாரே, குசுகுசுவென்று ரகசியம் சொல்வது மாதிரி ஒரு பாட்டு, அதை முணுமுணுத்துக்கொண்டு நடந்தேன். குழந்தை தூங்கிவிட்டான். தறிச் சத்தமும் நின்றுவிட்டது.

"ஏம்மா, அது யார் மியூசிக், சொல்லு பார்ப்போம்?" என்றார் மாமா.

"எம்.எஸ்.விஸ்வநாதன்தானே மாமா?"

அவ்வளவுதான்! மனிதர் தறியை விட்டு எழுந்தே வந்துவிட்டார். "எல்லாரும் இதையேதான் சொல்றீங்க. அது வி.குமார்ம்மா. குமார்!" என்றார். கோபம்கூட இல்லை, குரலில் ஒரு வருத்தம். நெருங்கிய சொந்தக்காரரை நான் அடையாளம் தெரியாமல் விட்டுவிட்டது போல.

அன்றைக்கு எனக்குப் பாடமே நடந்தது. கே.பாலசந்தரின் மேடை நாடகங்களுக்கு இசை அமைத்துக்கொண்டிருந்தவர் குமார். 1965ல் பாலசந்தர் முதன்முதலாக இயக்கிய 'நீர்க்குமிழி' படத்தில் அவரும் சினிமாவுக்கு வந்தார். அதில் சீர்காழி கோவிந்தராஜன் பாடிய தத்துவப் பாட்டை இன்றைக்கும் சாவு வீட்டில் போடுகிறார்கள். 1968ல் 'எதிர்நீச்சல்', 1969ல் 'இரு கோடுகள்', 1972ல் 'வெள்ளி விழா', 1973ல் 'அரங்கேற்றம்'... எல்லாம் அவர்தான். ஆட்டம் பாட்டமென்று கலகலப்பாகப் பாடுகிற ஈஸ்வரியை இப்படி மெல்லப் பாட வைத்ததும் அவர்தான். அதே 'வெள்ளி விழா'வில் விஸ்வநாதனே வந்து குமார் இசையில் ஒரு பாட்டுப் பாடியிருக்கிறார். "அவருக்கே தெரிஞ்சிருக்கு குமார் யாருன்னு. நமக்குத்தான் தெரியலை" என்று முடித்தார் மாமா.

ஒரு பக்கம் விஸ்வநாதன், கே.வி.மகாதேவன் என்ற பெரிய மலைகள். மறுபக்கம் 1976ல் 'அன்னக்கிளி'யோடு வந்த இளையராஜா. நடுவில் குமார் நல்ல நல்ல பாட்டாகக் கொடுத்துவிட்டு, 1996ல் கண்ணை மூடிவிட்டார். பாட்டு எல்லார் வாயிலும் இருக்கிறது. பேர்தான் இல்லை.

மாமாவிடம் மூன்று நீள நோட்டுகள் இருந்தன. 1968லிருந்து எழுதியவை. ரேடியோவில் கேட்ட பாட்டு, படம், பாடியவர், எழுதியவர், இசை என்று கட்டம் கட்டி எழுதியிருப்பார். குமார் பாட்டு என்றால் சிவப்புப் பென்சிலில் கோடு. அறிவிப்பாளர் இசையமைப்பாளர் பேரை விட்டுவிட்டால், "இசை வி.குமார்!" என்று தறியிலிருந்தே இவர் அறிவிப்பார். எங்களுக்கெல்லாம் சிரிப்பாக இருக்கும்.

எதற்கு இந்தப் பிடிவாதம் என்று ஒரு நாள் கேட்டேன். பதிலுக்கு வேறொரு கதை சொன்னார். செங்கல்பட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். மணப்பெண் கட்டியிருந்த அரக்குப் புடவையைப் பார்த்ததும், தான் நெய்தது என்று தெரிந்துவிட்டதாம். முந்தானையில் ஜரிகை அறுந்து இவர் முடிச்சுப் போட்ட இடம்கூடக் கண்ணில் பட்டதாம். பக்கத்தில் இருந்த அம்மாள், "என்ன அழகு பாருங்க!" என்று சொல்லி, பெரிய கடை ஒன்றின் பேரைச் சொன்னாராம். இவர் சாப்பிட்டு, கை கழுவிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

"நான்தான் நெய்தேன்னு சொல்லியிருக்கலாமே மாமா?"

"நானே எப்படிம்மா சொல்லிக்கிறது? அதை வேற யாராவதுதான் சொல்லணும்" என்றார்.

ஒரு பாவுக்கு மூன்று புடவை. ஒரு புடவைக்குப் பத்துப் பதினைந்து நாள், கோர்வைக் கரை என்றால் இன்னும் கூட. காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்து, ஊருக்குப் பேர் வந்தது. கடைக்கு எப்போதுமே பேர் உண்டு. நெய்தவர் பேரை எந்தப் பெட்டியில் பார்த்திருக்கிறீர்கள், சொல்லுங்கள்?

இவ்வளவும் தெரிந்திருந்தும் நான் செய்த காரியத்தைக் கேளுங்கள், சகோதரிகளே. 2013ல் மாமாவுக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். இடுப்பு வலியும் சேர்ந்துகொள்ள, தறியில் உட்காருவது நின்றது. அடுத்த தைப்பொங்கலுக்கு வீட்டை ஒழித்தேன். போகிக்கு எரிப்பது பாவம் என்று, பரண்மேல் இருந்த பழைய புத்தகம், பேப்பர் எல்லாவற்றையும் மூட்டை கட்டி எடைக்குப் போட்டேன். 32 ரூபாய் கிடைத்தது. அந்த மூட்டைக்குள் மாமாவின் மூன்று நோட்டும் இருந்தது, அவர் நாலு நாள் கழித்துத் தேடியபோதுதான் எனக்குத் தெரிந்தது. கடைக்கு ஓடினேன். லோடு போய்விட்டது.

மாமா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை! டிரான்சிஸ்டரைத் திருகவில்லை. சாப்பாடு பாதியானது. ராத்திரி திண்ணையில் உட்கார்ந்தே இருப்பார். மாசாந்திர பி.பி. பரிசோதனைக்கு அழைத்துப் போனபோது டாக்டர், "வீட்டில் ஏதாவது மனக்கஷ்டமா?" என்று என்னைத் தனியாகக் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அன்று வரும் வழியிலேயே 192 பக்க நோட்டு ஒன்றும் சிவப்புப் பேனா ஒன்றும் வாங்கினேன். மத்தியானம் பாத்திரம் தேய்த்து முடித்து மாமா முன்னால் உட்கார்ந்தேன். "சொல்லுங்க மாமா, நான் எழுதறேன். முதல்ல குமார்" என்றேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "'நீர்க்குமிழி', 1965. எழுதிக்கோ. பாட்டு சுரதா" என்று ஆரம்பித்தார்.

தினம் இரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரை. மூன்று மாசம் ஆயிற்று. கண் மங்கினாலும் ஞாபகம் மங்கவில்லை. குமார் முடிந்து டி.ஆர்.பாப்பா, வேதா, விஜயபாஸ்கர் என்று பேர் மறந்துபோனவர்களெல்லாம் வரிசையாக வந்தார்கள். இரண்டாவது வாரமே சாப்பாடு சரியானது. ஒரு நாள் அவராகவே டிரான்சிஸ்டரைத் திருகினார்.

2019ல் அத்திவரதர் எழுந்தருளியபோது மாமாவை அந்தக் கூட்டத்தில் எப்படியோ அழைத்துப் போனோம். 1979லும் தரிசித்தவர் அவர். திரும்பி வரும்போது சொன்னார்: "நாற்பது வருஷம் தண்ணிக்குள்ளே இருந்தாலும் பெருமாள் பெருமாள்தானேம்மா? நல்ல பாட்டும் அப்படித்தான். என்ன, ஞாபகம் வச்சிருந்து எடுக்கிறதுக்கு ஆள் வேணும்."

சென்னையில் வேலை பார்க்கிற என் பையன் போன தீபாவளிக்கு வந்தபோது ஒரு செய்தி சொன்னான். அமெரிக்காவில் 'பிக் ஸ்டார்' என்று ஒரு பாட்டுக் குழுவாம். 1972ல் முதல் இசைத்தட்டு வந்ததாம். கேட்டவர்கள் புகழ்ந்தும், தட்டு கடைகளுக்குச் சரியாகப் போய்ச் சேராததால் விற்கவில்லையாம். குழுவே கலைந்துவிட்டது. ஆனால் கேட்ட கொஞ்சம் பேர் விடவில்லை. சொல்லிச் சொல்லியே, பின்னால் வந்த பாட்டுக்காரர்கள் அவர்களைக் குருவாக நினைக்கும்படி செய்துவிட்டார்களாம். 'வெள்ளி விழா' வந்ததும் 1972தானே! மாமாவிடம் இதைச் சத்தமாகச் சொன்னதும் பொக்கை வாயால் சிரித்தார். "ஊருக்கு ஊர் ஒரு குமார் இருப்பார் போல" என்றார்.

சத்தமாக என்றேனே, மாமாவுக்கு இப்போது 80 வயசு. காது ரொம்ப மந்தம். டிரான்சிஸ்டர் கேட்பதில்லை. மத்தியானம் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, அவர் காதோடு வாயை வைத்து நான் பாடிக் காட்டுகிறேன். என் குரல் ஒன்றும் பிரமாதமில்லை. ஆனால் ஈஸ்வரியின் அந்தப் பாட்டை அப்படித்தானே பாட வேண்டும்! முடிந்ததும் மறக்காமல், "இசை வி.குமார்" என்று நானே அறிவித்துவிடுகிறேன். மாமா தலையை ஆட்டுவார்.

வீட்டை ஒழிக்கும்போது பெரியவர்களைக் கேட்காமல் ஒரு துண்டுக் காகிதத்தைக்கூட எடைக்குப் போடாதீர்கள். போட்டுவிட்டீர்களானால், ஒரு நோட்டு வாங்கிக்கொண்டு போய் அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். அடுத்த முறை பட்டுப்புடவையைப் பிரிக்கும்போது, அதை நெய்த கையையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள். அது எங்கள் மாமாவுடையதாகக்கூட இருக்கலாம்.