குழாய்த் திருகில் பிறந்த ஒளிவாள்!

லண்டன் செயின்ட் பான்க்ராஸ் நிலையத்தில் ரயில் ஏறினால், அரை மணி நேரத்துக்குள் போர்ஹாம்வுட் வந்துவிடும். சாதாரண சிற்றூர்தான். ஷென்லி ரோடு என்ற கடைத்தெருவில் கொஞ்ச தூரம் நடந்தால் ஒரு பெரிய டெஸ்கோ சூப்பர் மார்க்கெட். பாலும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு வெளியே வருபவர்களில் எத்தனை பேருக்கு நினைவிருக்குமோ... அந்த இடம் ஒரு காலத்தில் எல்ஸ்ட்ரீ ஸ்டூடியோவின் நிலம்!

மிச்சமிருக்கும் ஸ்டூடியோ பக்கத்திலேயே இருக்கிறது. படப்பிடிப்பு நடக்கும் இடம் என்பதால் நினைத்தவுடன் உள்ளே நுழைய முடியாது. ஆனாலும் 'ஸ்டார் வார்ஸ்' ரசிகர்கள் வாசலில் நின்று ஒரு செல்ஃபியாவது எடுக்காமல் போவதில்லை. 1976-ல் அந்தப் படத்தின் பெரும்பாலான அரங்கக் காட்சிகள் எடுக்கப்பட்டது இங்கேதான்.

கதை நடப்பது விண்வெளியில். கையிலிருந்த பணமோ கொஞ்சம். புதிதாக எல்லாவற்றையும் செய்யக் கட்டுப்படியாகாது. அரங்கப் பொருள்களுக்குப் பொறுப்பாக இருந்த ரோஜர் கிறிஸ்டியன் பழைய இரும்புக் கடைகளில் புகுந்தார். உடைத்துப் போட்ட விமானங்களின் பாகங்களை வாங்கி வந்து விண்கலத்தின் உள்சுவர்களாக ஒட்டினார்கள்.

நாயகனின் ஒளிவாள்தான் கடைசிவரை பிடிபடவில்லை. லண்டனில் ஒரு கேமரா கடையில், யாரும் சீந்தாமல் கிடந்த பெட்டிக்குள் அது இருந்தது. கிராஃப்ளெக்ஸ் ஃபிளாஷின் கைப்பிடி! பழைய பத்திரிகை போட்டோகிராபர்கள் மூன்று தடித்த பேட்டரி போட்டுப் பயன்படுத்திய பளபளக் குழாய். அதில் ரப்பர் பட்டைகளை ஒட்டி, பழைய கால்குலேட்டரின் ஒரு துண்டைச் செருகி, இடுப்பில் மாட்ட ஒரு வளையம் வைத்தார் கிறிஸ்டியன். ஒளிவாள் ரெடி!

குருநாதர் ஓபி-வானின் வாள் இன்னும் வேடிக்கை. ஜெட் எஞ்சினின் குழாய், பழைய துப்பாக்கி எறிகுண்டின் உடல், இயந்திரத் துப்பாக்கியின் முனை... அடியில் இருந்தது என்ன தெரியுமா? வீட்டுத் தண்ணீர்க் குழாயின் திருகு! பிரிட்டனின் பிரபல குளியலறைச் சாமான் நிறுவனமான ஆர்மிடேஜ் ஷாங்க்ஸ் தயாரிப்பு.

படம் 1977-ல் வெளியானது. கலை இயக்கத்துக்கான ஆஸ்கர் கிறிஸ்டியனையும் அவரது சகாக்களையும் தேடி வந்தது.

வெற்றிக்கு ஒரு விலையும் இருந்தது. 'அந்த வாள் எதிலிருந்து வந்தது' என்று ரசிகர்கள் கண்டுபிடித்ததும், கிராஃப்ளெக்ஸ் கைப்பிடிகளைத் துரத்தித் துரத்தி வாங்கினார்கள். விலை பல நூறு டாலருக்கு ஏறியது. கைப்பிடிகள் வாளாகிவிட்டதால், பழைய கேமராக்களைச் சேகரிப்பவர்களின் கேமராக்கள் ஃபிளாஷ் இல்லாமல் நின்றன. அவர்களின் வருத்தம் நியாயம்தானே?

அதற்கு மாற்று வழியும் ரசிகர்களிடமிருந்தே வந்தது. வாஷ்பேசினுக்கு அடியில் போகும் குரோம் பூசிய பித்தளைக் குழாய் ஹார்டுவேர் கடையில் மலிவாகக் கிடைக்கும். அதில் சுமார் 28 சென்டிமீட்டர் அறுத்துக்கொள்கிறார்கள். அறுத்த விளிம்பு கையைக் கிழிக்கும்; அரத்தால் ராவி, உப்புத்தாளால் தேய்த்தே ஆக வேண்டும். கார் வைப்பர் ரப்பரை ஆறு துண்டாக்கி ஒட்டினால் பிடி. நடுவில் ஹோஸ் கிளிப். அடியில் பழைய குழாய்த் திருகு. ரப்பர் ஒட்டும் இடத்தை முதலில் லேசாகச் சுரண்டிவிடுவது முக்கியம். வழவழப்பான குரோம் மீது பசை நிற்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்தால் போதும்.

போர்ஹாம்வுட்டுக்கும் இதே கதைதான். 1980-களின் இறுதியில் ஸ்டூடியோ கைமாறி, நிலத்தின் ஒரு பகுதி கடையானது. மீதியும் போய்விடுமோ என்ற நிலையில் ஊர்க்காரர்கள் விடாமல் போராடினார்கள். 1996-ல் உள்ளூர் நகராட்சியே ஸ்டூடியோவை வாங்கியது. இன்றும் அங்கே விளக்குகள் எரிகின்றன.

வேண்டாம் என்று ஒதுக்கியதை எடுத்துத் துடைத்துப் பார்ப்பது இந்த ஊருக்குப் பழகிய வேலைதான்!