மாடப்புறாவும் மடித்த காகிதமும்

வடசென்னை என்றதும் உங்கள் நினைவுக்கு வருவன எவை? சரக்கு லாரிகளின் நெரிசல், காசிமேட்டு மீன்வாடை, எண்ணூரின் புகைபோக்கிகள். தலைக்கு மேல் வட்டமிடும் புறாக்களை நாம் கணக்கில் சேர்ப்பதில்லை.

1856ஆம் ஆண்டு தென்னிந்தியாவின் முதல் இரயில் புறப்பட்ட இராயபுரத்திற்கு ஒருமுறை சென்று நிமிர்ந்து பாருங்கள். புறாவின் மூதாதையர் பாறை இடுக்குகளில் கூடு கட்டியவை. பழங்கட்டடங்களின் மாடங்களே இன்று அவற்றுக்குப் பாறை இடுக்குகள். நம் முன்னோர் 'மாடப்புறா' என அழைத்தது எத்தனை பொருத்தம்!

இப்பகுதி மொட்டை மாடிகளில் கூண்டமைத்துக் கர்ணப்புறாவும் ஹோமரும் வளர்க்கும் இளைஞர்கள் உண்டு. பந்தயத்தில் பணயம் வைப்பது நமக்கு விலக்கப்பட்டது. பறவையை அறிவது விலக்கப்பட்டதன்று. 9ஆம் நூற்றாண்டு அறிஞர் ஜாஹிஸ் தம் 'கிதாபுல் ஹயவான்' நூலில் புறாவைப் பற்றி விரிவாகவே எழுதினார். சாலிம் அலி 1941இல் வெளியிட்ட இந்தியப் பறவைகள் நூல் பலரைப் பறவை நோக்கர்களாக்கியது.

பெரிய நூல்தான் வேண்டும் என்பதில்லை. மேலைநாடுகளில் 'ஸீன்' எனப்படும் சிற்றேடுகள் உண்டு. ஒருவரே எழுதி, வரைந்து, நகலெடுத்து, கைமாற்றிக் கொடுப்பவை. நம் கையெழுத்துப் பத்திரிகைகளின் உறவினர் எனலாம். புறாவை மட்டுமே பொருளாகக் கொண்டும் இளம் ஓவியர்கள் அவற்றை வெளியிடுகின்றனர். எல்லோரும் விரட்டும் பறவை, அச்சில் ஏறியதும் உற்று நோக்கத்தக்கதாகி விடுகிறது!

உங்கள் பிள்ளைகளிடம் ஒரு தாளைக் கொடுங்கள். மும்முறை மடித்து, நடுவே ஒரு வெட்டு வெட்டினால் எட்டுப் பக்க ஏடு ஆயத்தம். எதனால் நிரப்புவது? மற்றப் பறவைகள் பலவும் அலகில் நீரேந்தித் தலை நிமிர்த்தி விழுங்க, புறா குனிந்தபடியே உறிஞ்சிக் குடிப்பதை வரையட்டும். ஆணும் பெண்ணும் மாறி மாறி ஏறத்தாழ 18 நாள் அடைகாப்பதையும், இரண்டுமே தொண்டைப் பையில் பால் சுரந்து குஞ்சுக்கு ஊட்டுவதையும் எழுதட்டும். வெயிலில் கழுத்துப் பச்சையாகவும் ஊதாவாகவும் மாறுவதைத் தீட்டட்டும். எச்சத்தை மட்டும் தொட வேண்டாம். அது நுரையீரலுக்குக் கேடு.

இது வெறும் பொழுதுபோக்கன்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. கூழைக்கடாக்களின் சிறகுகளில் கறையாகப் படிந்தது. அன்றாடம் காணும் புறாவை உற்று நோக்கப் பழகிய கண்ணே இத்தகைய துயரையும் முதலில் காணும். தம் ஊரைப் புகையும் தூசுமாக மட்டுமே அறிந்து வளரும் பிள்ளை, அதைக் காக்க எவ்வாறு முன்வரும்? சிந்தியுங்கள்!