வலப்பக்கச் சிலந்தி

நவம்பர் 3, கடலூர்

மஞ்சக்குப்பத்தில் எட்டு சார்ட் தாளும் இரண்டு பெட்டி கிரேயானும் வாங்கினேன். "ஸ்கூலுக்காம்மா?" என்றார் கடைக்காரர். ஆமாம், உழவர் வயல்வெளிப் பள்ளிக்கு. சிதம்பரத்துக்குத் தெற்கே வல்லம்படுகைப் பக்கம், சம்பா நெல்லில் நான்கு குழு, நான்கு வயல். ஒரு குழு 8 அடிக்கு 1 அடி பட்டம் விட்டு நட்டிருக்கிறது. இன்னொன்று யூரியாவைக் குறைத்து, பிரித்துப் போடுகிறது. பெண்கள் குழு பறவைத் தாங்கி நட்டிருக்கிறது. நான்காவது வயலில் எல்லாம் வழக்கம்போல. அது இல்லாவிட்டால் மற்ற மூன்றையும் எதோடு ஒப்பிடுவது?

நவம்பர் 4, வல்லம்படுகை

பனி காயுமுன் இறங்கினோம். குழுவுக்கு 20 குத்து. குறுக்காக நடந்து, தூரைப் பிரித்துப் பார்த்து எண்ண வேண்டும். பிறகு மரத்தடியில் சார்ட். நடுவில் பயிர், எத்தனை தூரோ அத்தனையும் வரைய வேண்டும். இடப்பக்கம் கெடுக்கிற பூச்சி, வலப்பக்கம் காக்கிற பூச்சி, ஒவ்வொன்றின் அருகிலும் எண்ணிக்கை. மேலே வெயிலோ மேகமோ, கீழே தண்ணீர் மட்டம்.

"மம்பட்டி பிடிச்ச கைம்மா இது" என்று தயங்கிய பெரியவர்தான் சிலந்திக்கு எட்டுக் காலும் சரியாகப் போட்டார்.

வலப்பக்கத்தை மட்டும் யாரையும் விட்டுவிட விடமாட்டேன். சாறு உறிஞ்சும் புகையான் பூச்சி தூருக்கு 1 என்றால் மருந்தை யோசிக்க வேண்டிய கட்டம். குத்துக்கு 1 சிலந்தி இருந்தால் தூருக்கு 2 வரை பொறுக்கலாம். சிலந்தியை எண்ணாத வீட்டில் அந்த மருந்துச் செலவு வீணாகப் போகிறது.

இரவு, பேருந்தில். வயல்வெளிப் பள்ளி என்னும் இந்த முறை 1989இல் இந்தோனேசியாவின் நெல்வயல்களில் தொடங்கியது. மருந்து அடிக்க அடிக்க அங்கே புகையான் பெருகியது. அதைத் தின்னும் பூச்சிகள்தான் முதலில் செத்தன. 1986இல் நெல்லுக்கு 57 பூச்சிக்கொல்லிகளை அந்நாட்டு அரசு தடை செய்தது. தடை போட்டால் மட்டும் போதுமா? வயலைப் பார்த்து முடிவெடுக்க விவசாயிக்குத் தெரிய வேண்டுமே. அதற்குத்தான் இந்தத் தாள்.

நவம்பர் 11, கடலூர்

விடாத மழை. நான் போகவில்லை. குழுவுக்கு இருவர் குடையோடு எண்ணி, வரைந்து, வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். மாலைக்குள் அந்தப் படங்கள் வாழ்த்துச் செய்திகளுக்கு அடியில் போய்விட்டன. அண்ணாமலைநகரில் வேளாண்மை படிக்கும் தோழியின் மகள் ட்ரெல்லோவில் ஒரு பலகை போட்டுத் தந்தாள். குழுவுக்கு ஒரு நிரல், வாரத்துக்கு ஓர் அட்டை, அட்டைக்குள் சார்ட்டின் படம். போன வாரமும் இந்த வாரமும் கண்முன் சேர்ந்து நிற்கின்றன. மனசு நிறைந்தது.

நவம்பர் 18, வல்லம்படுகை

கயிறு கட்டி, மூன்று வாரத் தாள்களையும் வரிசையாகத் தொங்கவிட்டோம். நான்காவது வயலின் தாளில் புகையான் மிகக் குறைவு. அந்தக் குழுவுக்குப் பெருமை. பெண்கள் குழுவில் ஓர் அக்கா எழுந்தார். "அண்ணே, ரெண்டு வாரத்துக்கு முன்னாடி 17 சிலந்தி போட்டிருக்கீங்க. இன்னைக்கு 3. மத்ததெல்லாம் எங்க போச்சு?"

யாரும் பேசவில்லை. பிறகு ஒருவர் ஒப்புக்கொண்டார்: மழைக்கு நடுவில் வெயில் வந்த அன்று, பயத்தில் வடக்கு மூலையில் மட்டும் பைரித்ராய்டு மருந்து அடித்துவிட்டார். குழுவிடம்கூடச் சொல்லவில்லை. ஒருவரும் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. அதற்காக அவர்கள் எல்லோருக்கும் கைகூப்ப வேண்டும். அந்தத் தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக வரையலாம் என்றார் ஒருவர். வேண்டவே வேண்டாம் என்றேன். அடித்தவரே சிவப்புக் கிரேயானால் மூலையை வளைத்து, தேதியும் மருந்தின் பெயரும் எழுதினார். ட்ரெல்லோ அட்டையிலும் சிவப்புப் பட்டை ஏறியது. ஐந்தாவது சோதனை தானாக வந்து சேர்ந்தது.

நவம்பர் 25, வல்லம்படுகை

பட்டம் விட்ட வயலில் தூருக்கு 1 புகையான், குத்துக்கு 1 சிலந்தி. பொறுக்கலாம். சிவப்பு மூலையில் தூருக்கு 4, வலப்பக்கம் வெறுமை. இவ்வகை மருந்து புகையானைப் பெருக்கிவிடும் என்று நான் வாயால் பலமுறை சொன்னதுண்டு. இன்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. புகையான் குறைகிறதா என்று மூன்று நாள் தண்ணீரை வடித்துப் பார்ப்பதாக நான்கு குழுவும் சேர்ந்து முடிவெடுத்தது. கார்த்திகை மழையில், இந்தத் தாழ்ந்த நிலத்தில், வடிப்பது லேசில்லை. போன வாரம் கேள்வி கேட்ட அக்காதான் முதலில் மண்வெட்டியோடு வடிகால் பக்கம் நடந்தார்.