கூட்டம் சேருமுன் கிரீட்

கிரேக்கத்தின் கிரீட், மத்தியதரைக் கடல் தீவுகளில் ஐந்தாவது பெரியது. கிழக்கு மேற்காக 260 கி.மீ. நீளம், மிகக் குறுகிய இடத்தில் அகலம் 12 கி.மீ.தான். இந்த ஒடுங்கிய நிலத்தில் 2,400 மீட்டரைத் தாண்டும் மலைத்தொகுதிகள் இரண்டு: மேற்கே வெண்மலைகள், நடுவே சிலோரிட்டிஸ். ஏப்ரலிலும் உச்சியில் பனி கிடக்க, அடிவாரத்தில் ஆரஞ்சு மரங்கள் பூத்து மணக்கும். ஆகஸ்டில் வருபவர்கள் கடற்கரையைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். மார்ச் இறுதி முதல் மே நடுப்பகுதி வரை பார்க்க வேண்டிய கிரீட் இருப்பது மலைப்பக்கம்.

இதற்குக் காரணம் மழை. அது அக்டோபரில் தொடங்கி மார்ச்சில் ஓயும். கோடையில் அநேகமாக ஒரு சொட்டும் விழாது. ஐப்பசி மழையை எதிர்பார்த்துப் பழகிய தமிழருக்கு இந்தக் கணக்கு அந்நியமல்ல. செடிகள் குளிர்காலத்தில் வளர்ந்து, வெயில் ஏறுவதற்குள் பூத்து விதையும் உதிர்த்துவிடுகின்றன. கிழங்குள்ளவை மண்ணுக்குள் ஒடுங்கிவிடுகின்றன. ஜூனில் பழுப்பாகிவிடும் மேடுகள் ஏப்ரலில் பச்சையாக இருப்பது அதனால்தான். தீவில் 1,700க்கும் மேற்பட்ட தாவர இனங்கள் உள்ளன. ஏறத்தாழப் பத்தில் ஒன்று வேறெங்கும் விளையாதது. ஸ்பிலி ஊருக்கு மேலுள்ள சமவெளியில் காட்டுத் துலிப்புகள் சிவப்பாகப் பூக்கும். அருகிலேயே முழங்கால் உயரம்கூட எட்டாத ஆர்க்கிட்கள். சில வகைகளின் பூவிதழ் பெண் தேனீயைப் போன்ற உருவும் மணமும் கொண்டது. ஏமாந்து வரும் ஆண் தேனீ மகரந்தத்தைச் சுமந்து செல்கிறது. குனிந்து பார்க்காதவர்கள் இவற்றை மிதித்துக்கொண்டே போய்விடுவார்கள்.

பூப்பதற்கு முந்தைய தளிர்க் கீரைகளுக்குச் சமையலறையில் இடமுண்டு. கிராமத்தினர் கத்தியும் பையுமாக வரப்போரங்களில் அவற்றைப் பறிப்பார்கள். முட்களுக்கிடையே விளையும் ஸ்டாம்னகாதி என்ற கசப்புக் கீரைக்கு மதிப்பு அதிகம். கீரையை அவித்து ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் விட்டுப் பரிமாறுவார்கள். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் இறைச்சியும் பாலும் விலக்கு. கீரையும் பருப்புமே சாப்பாடு.

ஆர்த்தடாக்ஸ் ஈஸ்டர் பழைய ஜூலியன் நாள்காட்டிப்படி கணிக்கப்படுவதால் பெரும்பாலும் மற்ற சபைகளுக்குப் பின்னால் வரும். 2024இல் மே 5, 2026இல் ஏப்ரல் 12. சனி நள்ளிரவில் கோயில் வாசலில் யூதாசின் கொடும்பாவியைக் கொளுத்துகிறார்கள். மறுநாள் ஆட்டிறைச்சியும் சிவப்புச் சாயமேற்றிய முட்டைகளும். ஏப்ரல் 23, ஆயர்களின் காவலரான புனித ஜார்ஜின் நாள். அன்று மேற்குக் கிரீட்டின் அசி கோனியா ஊரில் மந்தைகளைக் கோயிலுக்கு ஓட்டிவந்து, அங்கேயே பால் கறந்து வந்தவர்களுக்கெல்லாம் ஊற்றுவார்கள். அந்த நாள் தவக்காலத்துக்குள் விழுந்தால் விழா ஈஸ்டருக்கு அடுத்த நாளுக்குத் தள்ளிப்போகும். ஊர் தனக்காகக் கொண்டாடும் இவ்விழாக்களுக்காகவே இப்பருவத்தைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் ஈஸ்டர் வாரத்தில் ஏதென்ஸ்காரர்களும் ஊர் திரும்புவதால் ஏதென்ஸின் துறைமுகமான பிரேயசிலிருந்து வரும் கப்பல்கள் நிரம்பிவிடும்.

தீவின் பழங்கால கினோசோஸ் அரண்மனையை ஆகஸ்டு வெயிலில் வரிசையில் நின்று பார்ப்பதைவிட ஏப்ரலில் பார்ப்பது சுகம். அங்கே 1900இல் அகழ்வைத் தொடங்கிய ஆர்தர் எவான்ஸ், கான்கிரீட்டால் எழுப்பிய தூண்களையும் சேர்த்தே விட்டுச்சென்றார். குங்குமப்பூ பறிக்கும் நீல நிறச் சிறுவன் என்று அவர் ஒட்டவைத்த சுவரோவியம் உண்மையில் குரங்கினுடையது என்பது பின்னாளில் தெரிந்தது.

இப்பருவத்துக்குக் குறைகளும் உண்டு. ஏப்ரலில் கடல்நீர் 17 டிகிரி அளவில்தான் இருக்கும். நீந்துவதற்கென்றே வருபவர்களுக்கு ஏமாற்றம். தெற்குக் காற்று வீசினால் சகாராவின் புழுதி வந்து வானம் செம்மஞ்சளாகும்; 2018 மார்ச்சில் தீவே அப்படி மூடிக்கிடந்தது. கடலோர விடுதிகள் பல திறந்திருக்காது, பேருந்துகளும் குறைவு. ஓமாலோஸ் சமவெளியிலிருந்து கடல்வரை 16 கி.மீ. இறங்கும் சமரியா மலையிடுக்கில் உருகிய பனி வெள்ளமாக ஓடுவதால், வழக்கமாக மே தொடக்கத்தில்தான் வழிவிடுவார்கள். எனவே பூக்களுக்கு ஏப்ரல் முற்பாதி, நடைப்பயணத்துக்கு மே முற்பாதி. இரண்டும் வேண்டுமானால் மே முதல் வாரம்; அப்போது தாழ்நிலப் பூக்கள் உதிரத் தொடங்கியிருந்தாலும் மலைமேல் பூத்துக்கொண்டிருக்கும்.